மூன்று சுழி தெரிகிறதா?

பள்ளிக்கூடங்களுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் ரிசோ ஓட்டிக் கொடுக்கும் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடமாக எனக்கு இதே வேலை. முதலில் மெழுகு ஸ்டென்சிலும் கைப்பிடி சுற்றும் சைக்ளோஸ்டைல் மிஷினும், அதற்குப் பிறகு ரிசோ. எந்தப் பட்டன் எதற்கு என்பது மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அச்சு கெட்டுப்போனால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதுதான் புதிதாக வருபவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. அச்சு சரியில்லை என்றதும் கை நேராக டிரம்மை இழுக்கப் போகும். போகவிடாதீர்கள். மிஷினை நிறுத்திவிட்டு, கடைசியாக விழுந்த பத்துத் தாளை எடுத்து மேசையில் பரப்புங்கள். வரிசை கலையாமல் மூலையில் பென்சிலால் நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். குறை பத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா, இடம் மாறுகிறதா? இதுதான் முதல் கேள்வி. டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தாள் வெளியே வரும். ஆகவே டிரம்மிலோ மாஸ்டரிலோ ஸ்கேன் எடுத்ததிலோ குறை இருந்தால் அது எல்லாத் தாளிலும் அதே இடத்தில்தான் விழும். ஒரு தாளில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனாலோ, மேலும் கீழுமாக நகர்ந்தாலோ தாள் பக்கம் பாருங்கள். போகப் போக மங்கிக்கொண்டே வந்தால் மை பக்கம். ஒரே இடத்தில் விழும் குறைக்கு இன்னொரு சோதனை உண்டு. புதிதாக ஒரு மாஸ்டர் போடுங்கள். குறை மறைந்தால் பழைய மாஸ்டரோடு அது போய்விட்டது. அதே இடத்தில் மறுபடி வந்தால்தான் ஸ்கேனர், தெர்மல் ஹெட், டிரம் என்று உள்ளே தேட வேண்டும். மூலத்தைத் தலைகீழாக வைத்து மாஸ்டர் எடுத்துப் பார்ப்பதும் நல்லது. குறை எழுத்தோடு சேர்ந்து இடம் மாறினால் அது மூலத்திலேயே இருக்கிறது.

2. மிஷினுக்குள் என்ன நடக்கிறது என்பது மனக்கண்ணில் ஓட வேண்டும். மாஸ்டர் என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் முதுகில் நார்த்தாள் ஒட்டியிருக்கும். தெர்மல் ஹெட் எழுத்து இருக்கும் இடங்களில் மட்டும் படலத்தைச் சூட்டால் பொடிப்பொடியாகத் துளைக்கிறது. மாஸ்டர் டிரம்மின் மேல் சுற்றிக்கொள்கிறது. கீழே ஓடும் தாளைப் பிரஷர் ரோலர் மேலே அழுத்த, டிரம்முக்குள் இருக்கும் மை, டிரம்மின் வலையையும் மாஸ்டரின் துளைகளையும் தாண்டித் தாளில் இறங்குகிறது. துளை, மை, அழுத்தம், தாள். இந்த நான்குதான். எடிசன் 1876இல் காப்புரிமை வாங்கிய மின்பேனா தாளில் துளை போட்டது. 1881இல் லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் கொண்டுவந்த பல்சக்கரப் பேனாவும் துளைதான் போட்டது. நாம் இன்றும் சொல்லும் ‘சைக்ளோஸ்டைல்’ அந்தப் பேனாவின் பெயர். ஜப்பானில் 1980இல் ரிசோகிராஃப் வந்து, பிறகு அதோடு கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் இந்த நான்கில் எதுவும் மாறவில்லை. எந்தக் கோளாறு வந்தாலும், இது நான்கில் எதனுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. அச்சு நன்றாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து தாளைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கறுப்பாகத் தெரிந்தால் நல்ல அச்சு என்று நினைப்பது பெரிய தவறு. நான் முதலில் தேடும் எழுத்து மூன்று சுழி ‘ண’. மை ஏறிப்போனால் அதன் சுழிகள்தான் முதலில் அடைத்துக்கொள்ளும். ‘மணம்’ என்பதற்கும் ‘மனம்’ என்பதற்கும் நடுவே ஒரே ஒரு சுழிதான் இருக்கிறது. அடுத்து மெய்யெழுத்தின் புள்ளியைப் பார்ப்பேன். மை குறைந்தால் முதலில் காணாமல் போவது அது. பிறகு கணக்குத் தாளில் தசமப் புள்ளி, கழித்தல் குறி, பின்னத்தின் கோடு. சட்டைப் பையில் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருங்கள். இந்தப் பழக்கம் எனக்கு ஸ்டென்சில் காலத்தில் வந்தது. டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் அடிப்போம். கொஞ்சம் பலமாகத் தட்டினால் சுழியின் நடுப்பகுதி அப்படியே கழன்று விழுந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக வரும். கரெக்ஷன் ஃப்ளூயிட் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மெதுவாக மறுபடி தட்ட வேண்டும். கடைசி பெஞ்சில், வெளிச்சம் குறைவான மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் நம் அச்சைப் படிக்கப்போகிறது.

4. வெள்ளைக் கோடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு டிசம்பரில் பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குத் தாள், 640 பிரதி. ராத்திரி பதினொரு மணிக்கு ஓட்டி முடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பரீட்சை முடிந்த பிறகு ஆசிரியர் ஒருவர் தாளோடு கடைக்கு வந்தார். உருளையின் ஆரம் 3.5 செ.மீ. என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி இல்லை. பிள்ளைகள் பலரும் 35 என்று எடுத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். 22/7ஐ வைத்துப் பெருக்கும்போது 35ம் ஏழால் சரியாக வகுபட்டுவிடுகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தலைப்பிலிருந்து அடி வரை மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அது சரியாக 3க்கும் 5க்கும் நடுவே இறங்கிப் புள்ளியை மட்டும் தின்றுவிட்டிருந்தது. மேலே பள்ளியின் பெயரில் ஓர் எழுத்தின் கால் வெட்டுப்பட்டிருந்ததை நான் ராத்திரியே பார்த்தேன். தாளில் ஏதோ தூசி என்று விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் மார்க்கை ஆசிரியர்கள் சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால் பரீட்சை ஹாலில் பெரிய எண்களோடு மல்லாடிய நேரத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தெர்மல் ஹெட்டின் மேல் ஒட்டிய ஒரு தூசிதான் காரணம். ஹெட் தாளின் அகலம் முழுக்கப் படுத்திருக்கிறது, மாஸ்டர் அதை உரசிக்கொண்டு ஓடுகிறது. ஹெட்டில் ஓர் இடத்தில் தூசி உட்கார்ந்தால் அந்த இடத்தில் துளையே விழாது. ஆகவே தாள் ஓடும் திசையில், மேலிருந்து கீழ் வரை வெள்ளைக் கோடு வரும். மிஷினை அணைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மிருதுவான துணியால் ஒரே திசையில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். துடைத்தும் அதே இடத்தில் நின்றால் ஹெட்டின் அந்தப் புள்ளி செத்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது நம் வேலை இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு சோதனைத் தாள் ஓட்டுகிறேன். தாளின் நடுவில் இடமிருந்து வலமாக ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை, அதன் கீழே ‘ண’ ஒரு வரி, தசம எண்கள் ஒரு வரி. வெறும் எழுத்தில் ஒளிந்துகொள்ளும் வெள்ளைக் கோடு கறுப்புப் பட்டையில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரு மாஸ்டர் செலவாகும். முதலாளி கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

5. கறுப்புக் கோடு வந்தால் ஹெட்டைத் தொடாதீர்கள். அது ஸ்கேனர் பக்கம். மூலத்தை மேல் ஃபீடர் வழியாக ஓடவிட்டு மாஸ்டர் எடுக்கும்போது, அது ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டையின் மேல் நகர்ந்துபோகிறது. அங்கே கடுகளவு அழுக்கு இருந்தாலும் தாள் நீளத்துக்குக் கோடாக இழுத்துவிடும். அதே அழுக்கு பெரிய கண்ணாடியில் இருந்தால் கோடு வராது, ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். அழுக்கு எங்கிருந்து வருகிறது? ஆசிரியர்கள் ஒயிட்னர் தடவி, காய்வதற்குள் கொண்டுவரும் தாளிலிருந்துதான் அதிகம். விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம் காயவிடுங்கள். ஸ்கேனரா, உள்ளேயா என்று குழப்பமாக இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பக்கம் நேராக அனுப்புங்கள். அதில் கோடு இல்லையென்றால் கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

6. காலையில் முதல் பத்துத் தாள் மங்கலாகத்தான் வரும். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற டிரம்மின் மேற்பரப்பில் மை கொஞ்சம் உலர்ந்திருக்கும். இதைக் கோளாறு என்று நினைத்து எதையும் திருகாதீர்கள். ஐட்லிங் வசதி இருந்தால் அதை ஓட்டுங்கள். இல்லையென்றால் பழைய தாளின் பின்பக்கத்தில் இருபது முப்பது விடுங்கள், மை சீராகிவிடும். வாரக்கணக்கில் எடுக்காமல் வைத்த கலர் டிரம்முக்கு இன்னும் அதிகம் தேவைப்படும்.

7. மங்கலாக இருக்கிறது என்றால் எல்லோரும் டென்சிட்டியைக் கூட்டுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர் எடுக்கும்போது வைக்கும் ஸ்கேன் அளவு வேறு, ஓட்டும்போது வைக்கும் டென்சிட்டி வேறு. பென்சிலில் எழுதிய மூலம் மங்கலாக வந்தால் மாஸ்டரில் துளையே சரியாக விழவில்லை. அங்கே டென்சிட்டியைக் கடைசிவரை ஏற்றினாலும் விழாத துளை வழியாக மை வராது. ஸ்கேன் அளவைக் கூட்டிப் புது மாஸ்டர் எடுக்க வேண்டும். நியூஸ் பேப்பர் துண்டு ஒட்டிய மூலத்துக்கு நேர்மாறாக, அளவைக் குறைத்தால்தான் பின்னணிச் சாம்பல் நிறம் போகும். துளை சரியாக இருந்தும் மங்கலாக இருந்தால், முதலில் வேகத்தை ஒரு படி குறையுங்கள். மெதுவாக ஓடும் தாள் மையை நின்று வாங்கிக்கொள்ளும். அதற்கும் பிறகுதான் டென்சிட்டி, அதுவும் ஒரே ஒரு படி. ஏற்றிவிட்டு உடனே மூன்று சுழியைப் பாருங்கள்.

எழுத்தின் விளிம்பு பொரிந்தாற்போலப் புள்ளிபுள்ளியாக வந்தால், வெறும் எழுத்துக்குப் போட்டோ மோடில் மாஸ்டர் எடுத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து வந்த ஃபைலில் அப்படி இருந்தால், தலைப்பை நீலத்திலோ சாம்பலிலோ வைத்திருப்பார்கள். கறுப்பு அல்லாத எந்த நிறத்தையும் மிஷின் புள்ளிகளாகத்தான் உடைக்கும். முழுக் கறுப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

8. நம் ஊரில் அரையாண்டுத் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். வேலை குவியும் அந்த நாட்களில் தாள் நம்மைப் படுத்தும். காகிதபுரத்து மில்லிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய கட்டாக இருந்தாலும், ஈரச் சுவரோரம் ஒரு வாரம் கிடந்தால் அது வேறு தாளாகிவிடும். ஓரம் அலை அலையாக நெளியும், இரண்டு தாள் சேர்ந்து போகும், அச்சு ஒரு தாளில் மேலேயும் அடுத்ததில் கீழேயும் விழும். இதற்கு மிஷினைத் திருகி ஒரு பயனும் இல்லை. மரப்பலகை போட்டு, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். ரீமின் உறையை ஓட்டுவதற்குச் சற்று முன்புதான் பிரிக்க வேண்டும். பிரித்ததும் நான்கு பக்கமும் விசிறிக் காற்று உள்ளே போகவிட்டு, மேசையில் தட்டி ஓரம் சேர்த்துப் பிறகு டிரேயில் வையுங்கள். பக்கக் கட்டைகள் தாளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், நெருக்கக் கூடாது. மீதமான தாளை டிரேயிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். காலையில் அந்தத் தாள்தான் முதலில் சிக்கும். மிஷின் வைத்த அறை 15 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மே மாதத்தில் நம் கடைகளில் அது நடக்காத காரியம். மை இளகி, மாஸ்டரின் வால் ஓரத்தில் கசிந்து, தாளின் அடியில் கறையாக விழும். அப்போது கசிவைத் துடைத்துவிட்டுப் புது மாஸ்டர் போட்டு ஓட்டுங்கள்.

9. தாளின் பின்பக்கம் கறை இருந்தால், அதை ஒரு கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கண்ணாடியில் எழுத்து நேராகப் படிக்க முடிந்தால் அது கீழே கிடந்த தாளிலிருந்து ஒட்டிய மை. எழுத்தாக இல்லாமல் பட்டையாக, தீற்றலாக இருந்தால் பிரஷர் ரோலர் அழுக்கு. ரோலர் அழுக்காவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். அச்சு அகலமாக இருந்து தாள் சிறியதாக இருந்தால் மிச்ச மை ரோலரில்தானே இறங்கும்? மிஷினை அணைத்து, டிரம்மை வெளியே எடுத்துவிட்டு ரோலரைத் துடையுங்கள். தாளைப் பிரித்துவிடும் நகம் அங்கே கூராக இருக்கும், விரல் பத்திரம்.

ஒட்டல் வேறு கதை. ரிசோ மை சூட்டில் உருகிப் பிடிப்பதில்லை, தாள் உறிஞ்சித்தான் அடங்குகிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஓட்டிய சூட்டோடு நூறு நூறாக எண்ணி, சணல் போட்டு இறுக்கிக் கட்டினால், கட்டின் நடுவில் இருக்கும் தாளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று பதிந்துவிடும். தளர்வாக அடுக்கி வைத்து, மறுநாள் கட்டுங்கள். பேக் டு பேக் ஓட்டுவதாக இருந்தால் முதல் பக்கத்துக்குக் குறைந்தது ஒரு ராத்திரி விடுங்கள். அவசரப்பட்டால் முதல் பக்கத்து ஈர மை பிரஷர் ரோலருக்குப் போய், அங்கிருந்து எல்லாத் தாளுக்கும் போகும். இரண்டு கலர் ஓட்டும்போது ஃபீட் ரோலர் ஈர மையின் மேல் ஏறி, தாளின் நடுவே டயர் தடம் மாதிரிப் பதிக்கும். காலையில் பரீட்சை, ராத்திரி பத்து மணிக்குத்தான் மூலம் வந்தது என்றால், இரண்டு பக்கத்தையும் தனித்தனித் தாளில் ஓட்டிப் பின் அடித்துக் கொடுங்கள். தாள் கூடச் செலவாகும். பரவாயில்லை.

10. தாளின் தலையில் 5 மில்லிமீட்டராவது வெற்றிடம் வேண்டும். அங்கேயே கறுப்புப் பட்டையோ தடித்த தலைப்போ இருந்தால் ஈர மை தாளை டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சுற்றவைத்துவிடும். நோட்டீஸ் கொண்டுவருபவர்களிடம் மூலம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

11. அச்சின் குறுக்கே மின்னல் வெட்டு மாதிரி கோணலாக வெள்ளைக் கீற்று வந்தால் மாஸ்டர் சுருங்கியிருக்கிறது. ரோல் தளர்வாக இருந்திருக்கும். கையால் சுற்றித் தொய்வை எடுத்து மறுபடி போடுங்கள். ஓரிடத்தில் மட்டும் வட்டமாக வெளிறியிருந்தால், மாஸ்டருக்கும் டிரம்முக்கும் நடுவே ஏதோ துணுக்கு மாட்டியிருக்கிறது. சுற்றியிருக்கும் மாஸ்டரைச் செல்லோ டேப் ஒட்டி நேராக்கப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வேண்டாம், கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். புது ரோல்களை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். சூட்டில் துளை விழுவதற்காகவே செய்த பொருள் அது.

12. துடைக்கும் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பனியன் வேஸ்ட் வெளிப்பக்கத்துக்கு மட்டும். அதன் நூல் பிசிறு ஹெட்டில் ஒட்டினால் நீங்களே ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் மூன்றும் மிஷின் இருக்கும் அறைக்கே வரக் கூடாது. டிரம் வலையில் காய்ந்த மையை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டினால் வலை நெளியும். நெளிந்த வலை பிறகு ஓட்டும் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் தெரியும்.

13. சில வேலைகளை வாங்காதீர்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் இந்த மையை உறிஞ்சாது. ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டும். அழைப்பிதழ் என்று கொண்டுவந்தால் ஆஃப்செட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கோயில் நோட்டீஸுக்கு வரும் ரோஸ், மஞ்சள் மேப்லித்தோ நன்றாக வாங்கிக்கொள்ளும்.

அச்சுத் தரத்தோடு சேராத விஷயம் என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாள் ஓட்டி முடித்ததும் டிரம்மில் இருக்கும் மாஸ்டரில் அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. கான்ஃபிடென்ஷியல் பட்டனை அழுத்தி வெற்று மாஸ்டர் ஏற்றுங்கள். கழிவுப் பெட்டிக்குள் விழுந்த பழைய மாஸ்டரை விரித்தாலும் படிக்க முடியும். அந்தப் பெட்டியை நீங்களே காலி செய்து, கிழித்துப் போடுங்கள்.

14. மெக்கானிக்கைக் கூப்பிட வெட்கப்படாதீர்கள். துடைத்த பிறகும் நிற்கும் வெள்ளைக் கோடு, இடப்பக்கம் கறுத்து வலப்பக்கம் வெளுத்து வரும் அச்சு, புது மை போட்டும் மை இல்லை என்று காட்டும் விளக்கு, இவையெல்லாம் அவர் கை வைக்க வேண்டியவை. டிரம்முக்குள் இருக்கும் ரோலரின் இடைவெளியை ஸ்க்ரூ டிரைவரால் நீங்கள் மாற்றினால், திரும்பச் சரிசெய்வது அவருக்கே பெரும்பாடு. போனில் ‘பிரிண்ட் சரியா வரல சார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கோளாறு தொடங்கியபோது கவுண்ட்டரில் இருந்த எண், ஸ்கிரீனில் வந்த பிழை எண், எந்தத் தாள், அன்று என்னென்ன மாற்றினீர்கள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பென்சிலில் நம்பர் போட்ட பத்துத் தாளையும் தேதியிட்டு மடிக்காமல் எடுத்து வையுங்கள். நல்ல மெக்கானிக் உள்ளே வந்ததும் மூடியைத் திறக்க மாட்டார். அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்பார்.